எந்த மண்ணுல நின்னு திரி கிள்ளுறே?

நரகாசுரன் எத்தனை மணிக்குச் செத்தான்? சொல்லு பாப்போம்.

முழிக்காத பேராண்டி. கம்ப்யூட்டர்ல என்னென்னமோ தட்டுறே, இது தெரிய வேண்டாமா? எங்க காலத்துல சின்னப் புள்ளையக் கேட்டாலும் விடியுமுன்னேன்னு சொல்லிரும். நாலு மணிக்கு எழுப்பி, உச்சந்தலையில ஒரு கை எண்ணெயை வச்சுத் தட்டி, வெந்நி ஊத்தி, கோடித்துணி உடுத்தி, வாசல்ல மொத வெடி போடுறப்ப கையில இருக்கிற ஊதுபத்தி நெருப்பு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். அதுதான் அவன் செத்த நேரம். இப்ப? காலையில ஆறுல இருந்து ஏழுக்குள்ள சாகணும். அதுல தப்புனான்னா சாயங்காலம் ஏழுல இருந்து எட்டுக்குள்ள. தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவு. அசுரனா இருந்தா என்ன, ஆர்டர்னா ஆர்டர்தான்.

வடக்க போனா அங்க கதையே வேற. ராமர் அயோத்திக்குத் திரும்புன நாளும்பாக. ராத்திரிப் பண்டிகை. எட்டுல இருந்து பத்து. வங்காளத்துல காளி பூஜை, அதுவும் ராத்திரிதான். பஞ்சாப்ல குருநானக் பிறந்த நாளுக்கு விடியக்காலை நாலுல இருந்து அஞ்சு, திரும்ப ராத்திரி ஒம்பதுல இருந்து பத்துன்னு குடுத்திருக்காக. சத் பூஜைக்குக் காலையில ஆறுல இருந்து எட்டு. கிறிஸ்துமஸுக்கும் புது வருசத்துக்கும் ராத்திரி 11.55ல இருந்து 12.30. அந்த அஞ்சு நிமிசத்தை எந்த மகராசன் கணக்குப் போட்டானோ! ஏசு சாமி பிறக்கிறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே திரியைப் பத்த வச்சுக்கிடலாம். நம்ம ஊரு அசுரனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த ரெண்டு மணி நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டியா? 2015ல டெல்லியில மூணு கைக்குழந்தைக பேர்ல உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்குப் போட்டாக. ஆறு மாசம், பதினாலு மாசம், அம்புட்டுத்தான் வயசு. பல்லு முளைக்காதது கோர்ட்டுப் படியேறுச்சான்னு சிரிக்காத. போட்டது அப்பன்மாரு. ஆனா மூச்சு முட்டுனது அந்தப் புள்ளைகளுக்கு. டெல்லியில ஐப்பசி கார்த்திகைக்குக் குளிர் இறங்கிருச்சுன்னா காத்து அசையாது. பஞ்சாப், அரியானாப் பக்கம் நெல்லுத்தாளைக் கொளுத்துற புகை வந்து சேரும். வண்டிப் புகை வருசம் பூராவும் உண்டு. அதுக்கு மேல தீபாவளி. வேண்டாம்னு சொன்னவன் தப்பாச் சொல்லலை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 2016 நவம்பர்ல டெல்லிச் சுத்துவட்டாரத்துல பட்டாசு விக்கிற லைசென்ஸை நிறுத்துனாக. 2017 செப்டம்பர்ல தளர்த்துனாக. அடுத்த மாசமே மறுபடி இறுக்குனாக. 2018 அக்டோபர் 23ல நாடு முழுசுக்கும் சேத்துத் தீர்ப்பு வந்துச்சு. முழுத் தடை கிடையாது. பசுமைப் பட்டாசு மட்டும். பேரியம் போடக் கூடாது. சரவெடி கூடாது. ஆன்லைன்ல விக்கக் கூடாது. தீபாவளியன்னிக்கு ராத்திரி எட்டுல இருந்து பத்துதான்.

நம்ம சர்க்கார் பதறி ஓடுச்சு. ஐயா, எங்க ஊருப் பண்டிகை விடியக்காலைப் பண்டிகை, நாலு மணிக்குக் குடுங்கன்னு கேட்டுச்சு. ஒரு வாரத்துல கோர்ட்டு சொல்லிருச்சு: நேரத்தை மாத்திக்கோ, ரெண்டு மணி நேரத்தைத் தாண்டாத. சர்க்கார் அதை ரெண்டா ஒடிச்சு, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு பங்கு வச்சுச்சு. நாலு மணி எப்படிக் கிடைக்கும்? ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் சத்த வெடி கூடாதுன்னு 2005லயே தீர்ப்பு இருக்கு. ஆகக்கூடி நாலு மணிக்கு எண்ணெய் தேச்சவன் ரெண்டு மணி நேரம் திண்ணையில உக்காந்து கடிகாரத்தைப் பாக்கணும். ஆறு அம்பத்தஞ்சுக்கு வெடிச்சவன் நல்ல குடிமகன். ஏழு அஞ்சுக்கு வெடிச்சவன் குத்தவாளி. அந்த மொத வருசமே நூத்துக்கணக்கான பேரு மேல கேஸு போட்டாக. ஏட்டையா வாட்ச்சும் உன் வாட்ச்சும் ஒண்ணாப் போகணும்னு வேண்டிக்க.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஊரே சேந்து ஒரே மணி நேரத்துல கொளுத்துனா புகை கொறையுமா, ஒண்ணாத் திரளுமா? நான் பள்ளிக்கூடத்து வாசப்படியோட நின்னவன். படிச்சவக சொல்லட்டும்.

சரி, உன் சோலிக்கு வருவோம். உனக்கு வேலை குர்கான்ல. அடுத்த தீபாவளிக்குச் சிவகாசியில நேராப் போயி வாங்கி, அட்டைப்பெட்டியில கட்டி, அங்க கொண்டு போயி சேக்காளிமாரு முன்னாடி கெத்துக் காட்டணும். அதானே? நல்லா இருய்யா. கெத்துல குத்தமில்ல. ஆனா அந்தப் பெட்டி இங்கேருந்து கெளம்பி அங்க போயிச் சேருறதுக்குள்ள எத்தனை தடவை சாதி மாறும் தெரியுமா?

மொதல்ல கடைக்குப் போவோம். சாத்தூர்ல இருந்து சிவகாசி வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் போர்டு தொங்கும். எம்பது பர்சென்ட் தள்ளுபடி, தொண்ணூறு பர்சென்ட் தள்ளுபடி. நீயும் வாயைப் பொளந்துக்கிட்டு வண்டியை ஓரங்கட்டுவே. ஏய்யா, நூத்துல தொண்ணூறைத் தள்ளிட்டும் ஒருத்தன் லாபம் பாக்குறான்னா, அந்தத் தொண்ணூறை அட்டையில அச்சடிச்சது யாரு? எம்பிஏ படிச்சவன் நீ. நான் சொல்லியா தெரியணும்?

பெட்டியைத் திருப்பிப் பாரு. மூலையில ஒரு சதுரக் கட்டம், புள்ளி புள்ளியா. க்யூஆர் கோடு. நாக்பூர்ல நீரின்னு சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அவக சொன்ன கலவையில செஞ்ச பசுமைப் பட்டாசுன்னு அதுக்கு அர்த்தம். அதுல ஸ்வாஸ், ஸ்டார், சஃபல்னு மூணு ரகம் வேற. சாதாப் பட்டாசை விட ஒரு முப்பது பர்சென்ட் தூசிப்புகை கொறையும்பாக. நல்ல சங்கதி. மிச்சம் எழுபதை யாரு சாப்புடுறதுன்னு மட்டும் அட்டையில போடலை. ஸ்டிக்கரை மட்டும் பசுமையா ஒட்டி, உள்ள பழைய மருந்தையே போட்டு அனுப்புன கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 2021ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாக. எங்க மாவட்டத்துக்காரன்கிறதுக்காக நான் மறைச்சுப் பேச முடியாது.

சரவெடி இருக்கான்னு தேடாத. இருக்கக் கூடாது. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலான்னு நீ வாய்ல தண்ணி ஊறச் சொல்ற சரம் இருக்கே, அதைப் பின்னுறது பொம்பளைக வேலை. திரியோட திரியைச் சேத்து, ரெண்டு பக்கமும் வெடியை வரிசையா அடுக்கி, நூல்ல இறுக்கிக்கிட்டே போவாக. கண்ணு வாசல்ல இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரி கூடப் பேசும், விரலு தப்பாது. அலுமினியப் பவுடர் ரூம்ல வேலை செஞ்ச கையைப் பாத்திருக்கியா? சாயங்காலம் பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறப்ப ரேகை ரேகையா மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணுல இருந்து போகாது. சரம் கூடாது, பேரியம் கூடாதுன்னதும் 2018 தீபாவளி முடிஞ்ச கையோட ஆலைகளை இழுத்துப் பூட்டுனாக. மாசக் கணக்குல பூட்டு. ஏன்னு கேட்டியா? பேரியம் நைட்ரேட்டு இல்லாம கம்பி மத்தாப்பே கிடையாது இந்த ஊருல. மாத்து மருந்து என்னன்னு சொல்லாம நிறுத்துன்னா அந்தப் பொம்பளை எதை நிறுத்துவா? அடுப்பைத்தான்.

இதுல ஒண்ணு சொல்லியாகணும். நீ எத்தனை மணிக்கு வெடிக்கிறேன்னு பாக்கிறதுக்கு ஆயிரம் கண்ணு. மருந்து கலக்குற ரூமை எட்டிப் பாக்க எத்தனை கண்ணு? ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. உள்குத்தகைக்கு விட்டு, பத்துப் பேரை அடைச்சு, இடம் பத்தாம மரத்தடியில உக்கார வச்சு வேலை வாங்குறதும் இருக்கு. 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டியில நாப்பது உசுருக்குக் கிட்டப் போச்சு. அந்த வருசமும் தீபாவளி வந்துச்சு. அதை விடு, இப்ப பேச்சு உன் பெட்டியைப் பத்தி.

பெட்டியை லாரியில ஏத்தியாச்சு. மேற்க செங்கோட்டை தாண்டுனா கேரளா. அங்க தீபாவளியை விட விஷுவுக்குத்தான் பட்டாசு ஓடும். அவுகளுக்கு நெசமான வெடி கோயில் வெடிக்கட்டு. 2016 ஏப்ரல் 10ல பரவூர் புற்றிங்கல் கோயில்ல நூத்துக்கும் மேல செத்தாக. மாவட்ட நிர்வாகம் அனுமதி குடுக்கலை. குடுக்காமலே நடந்துச்சு. அப்புறம் 2024 அக்டோபர்ல மத்திய சர்க்கார் புது விதி கொண்டாந்துச்சு: வெடி மருந்து வைக்கிற கூடத்துக்கும் வெடிக்கிற இடத்துக்கும் நடுவுல 200 மீட்டர் வேணும். திருச்சூர் பூரம் நடக்கிற தேக்கின்காடு மைதானத்துல அம்புட்டு இடத்துக்கு எங்க போறது? மலையாளி லேசுப்பட்டவனா? வெடிக்கிற நேரத்துல கூடத்தைக் காலி பண்ணிட்டா அது கூடமே இல்லையேன்னு சட்டம் பேசி, 2025 பூரத்தையும் நடத்திட்டாக. இந்த மூளைக்கு நாம கையெடுத்துக் கும்புடத்தான் வேணும்.

வடக்க போனா ஓசூர். அதைத் தாண்டுனா அத்திப்பள்ளி, கர்நாடகா. தீபாவளி நெருங்குனா பெங்களூர்க்காரக அந்தப் பக்கம் படையெடுப்பாக, விலை சகாயம்னு. 2023 அக்டோபர் 7ல அங்க ஒரு கடை தீப்பிடிச்சு அன்னிக்கே 14 பேரு போயிட்டாக. முக்கால்வாசி நம்ம தமிழ்நாட்டுப் பயலுக, லீவுல கூலிக்கு வந்த படிக்கிற புள்ளைக. அதுக்கப்புறம் கல்யாணத்துல, ஊர்வலத்துல, கட்சிக் கூட்டத்துல பட்டாசு கூடாதுன்னு அந்த ஊரு சர்க்கார் சொல்லிச்சு. அது நியாயம். அதே கர்நாடகா 2020ல என்ன பண்ணுச்சு தெரியுமா? கொரோனா, தீபாவளிக்குப் பட்டாசே கூடாதுன்னு முதலமைச்சர் எடியூரப்பா சொன்னார். மறுநாளே பசுமைப் பட்டாசு பரவாயில்லைன்னார். ராத்திரி என்ன கனவு கண்டாரோ!

அந்த வருசம் ராஜஸ்தானும் ஒடிசாவும் தடை போட்டுச்சு. நம்ம எடப்பாடி பழனிசாமி ரெண்டு பேருக்கும் கடிதாசு எழுதினார். அடுத்த வருசம் ஆட்சி மாறுச்சு. ஸ்டாலின் டெல்லி, அரியானா, ஒடிசா, ராஜஸ்தான்னு நாலு பேருக்குக் கடிதாசு எழுதினார். கட்சி மாறுச்சு, கொடி மாறுச்சு, கடிதாசு மட்டும் மாறலை. சிவகாசி ஒண்ணுக்குத்தான் ரெண்டு கழகமும் ஒரே பேனாவை எடுக்கும்.

கிழக்க திரும்பி வங்காளம் போனியா, அங்க இன்னொரு வேடிக்கை. நாடு முழுக்க ஒரு வெடி எம்புட்டுச் சத்தம் போடலாம்? நாலு மீட்டர் தள்ளி நின்னா 125 டெசிபல். நாலு மீட்டர்ங்கிறது உன் எட்டு முழ வேட்டியை நீட்டி விரிச்சு, அதுக்கு மேல ஒரு முழம். வங்காளத்துல மட்டும் ரொம்ப வருசமா 90தான் இருந்துச்சு. முப்பத்தஞ்சுதானே வித்தியாசம்னு சொல்லிராத. வாத்தியார்ட்ட கேட்டேன். பத்து டெசிபல் கூடுனா சத்தத்தோட சக்தி பத்து மடங்காம். அப்ப முப்பத்தஞ்சுக்கு? மூவாயிரம் மடங்குக்கும் மேல. நம்ம லட்சுமி வெடி இங்க சாமிப் படம் போட்ட சரக்கு. அப்ப அந்த எல்லையைத் தாண்டுனா கள்ளச்சரக்கு. 90க்கு மேல கூடாதுன்ன அதே ஊருல சாக்லேட் பாம்னு ஒண்ணு காது கிழியிற மாதிரி வெடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கடைசியில 2023 அக்டோபர்ல, நாங்களும் 125க்கு வந்துட்டோம்னு சொல்லிட்டாக. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 2021ல கல்கத்தா ஐகோர்ட்டு எந்தப் பட்டாசும் கூடாதுன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. தீபாவளிக்கு மூணு நாளு இருக்கிறப்ப உச்ச நீதிமன்றம் அதை ரத்துப் பண்ணிருச்சு. கொள்முதல் பண்ணுன யாவாரி அந்தச் சமயம் தூங்கியிருப்பான்கிற?

இன்னும் மேல போ. சண்டிகர்னு ஒரு ஊரு. அது பஞ்சாபுக்கும் தலைநகரு, அரியானாவுக்கும் தலைநகரு, ஆனா ரெண்டுக்கும் சொந்தமில்லை. மத்திய சர்க்கார் வச்சிருக்கு. ஒட்டுனாப்புல ஒரு பக்கம் பஞ்சாப்போட மொகாலி, இன்னொரு பக்கம் அரியானாவோட பஞ்ச்குலா. 2021ல சண்டிகர்ல பட்டாசே கூடாது. மொகாலியில ரெண்டு மணி நேரம் வெடிக்கலாம். நடுவுல இருக்கிறது ஒரு ரோடு. அந்தப் பக்கத்து மாடியில புள்ளை வெடி போடும், இந்தப் பக்கத்து மாடியில புள்ளை வேடிக்கை பாக்கும், ரெண்டு பேருக்கும் ஒரே புகை. கம்மாயில வடக்கு மூலைத் தண்ணி மட்டும் கலங்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டுட்டு, தெக்கு மூலையில எருமையை இறக்குன கதைதான்.

இப்ப உன் ஊருக்கு வந்தாச்சு. குர்கான் அரியானாவுல இருக்கு. ஆனா சட்டத்துக்கு அது டெல்லிச் சுத்துவட்டாரம். அரியானாவுல 14 மாவட்டம் அந்த வட்டத்துக்குள்ள, மிச்சம் வெளிய. உத்தரப் பிரதேசத்துல எட்டு மாவட்டம் உள்ள. அதனால ஒரே முதலமைச்சரு, ஒரே போலீசு, ஒரே நம்பர் பிளேட்டு, ஆனா ரெண்டு தீபாவளி. வட்டத்தைக் கோடு போட்டவன் காத்தடிக்கிற திசையைப் பாத்தா போட்டான்? மாவட்ட எல்லையைப் பாத்துப் போட்டான்.

டெல்லிக்குள்ள 2020ல இருந்து வருசா வருசம் தடை. 2022ல மந்திரி விளக்கமாவே சொன்னார்: வாங்கி வெடிச்சா இருநூறு ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். விக்கிறவனுக்கு ஐயாயிரமும் மூணு வருசமும். ஆறு மாசத்துக்குப் பயந்தவன் யாரும் கிடையாது, ஏன்னா அது வராதுன்னு தெரியும். இருநூறு ரூபாயைப் பட்டாசுச் செலவோட சேத்துட்டான். 2024 டிசம்பர்ல வருசம் பூராவும் தடைன்னாக. அதுக்கப்புறம் பத்து மாசம் கழிச்சு, 2025 அக்டோபர் 15ல உச்ச நீதிமன்றம் மனசு இறங்குச்சு. தலைமை நீதிபதி கவாய் பெஞ்சு. அக்டோபர் 18ல இருந்து 20 வரைக்கும் பசுமைப் பட்டாசு விக்கலாம். தீபாவளிக்கு முந்துன நாளும் தீபாவளியன்னிக்கும், காலையில ஆறுல இருந்து ஏழு, ராத்திரி எட்டுல இருந்து பத்து வெடிக்கலாம். டெல்லிக்காரனுக்கு மூணு மணி நேரம், அதுவும் ரெண்டு நாளு. தீபாவளிப் பட்டாசு செஞ்சு குடுக்கிற நமக்கு ரெண்டு மணி நேரம், ஒரு நாளு. காத்து கெட்டுப் போனதுன்னு கேஸு போட்ட ஊருக்கு நம்மளை விட ஒரு மணி நேரம் கூட. இதுல சிரிக்காம இருந்தா நீ மனுசனே இல்ல. பத்து மணிக்கு அங்க யாரு நிறுத்துனாங்கிறதை அன்னிக்கு ராத்திரி நீயே மாடியில நின்னு கேட்டிருப்பே.

அந்த உத்தரவுல உனக்குன்னே ஒரு வரி இருந்துச்சு. வெளியூர்ல இருந்து பட்டாசை அந்த வட்டாரத்துக்குள்ள கொண்டு வரக் கூடாது. சிவகாசி அட்டைப்பெட்டி அங்க போனா, உள்ள இருக்கிறது எம்புட்டுப் பசுமையா இருந்தாலும் அது கடத்தல்.

அமெரிக்காவுல இப்படியெல்லாம் கிடையாது தாத்தான்னு உன் சேக்காளி சொன்னானாக்கும்? அங்க ஜூலை நாலாம் தேதி அவுகளுக்குத் தீபாவளி. மாசசூசெட்ஸ் மாநிலத்துல சாதாரண சனம் கம்பி மத்தாப்புக் கூடப் பத்த வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கிற நியூ ஹாம்ப்ஷயர்ல எல்லையோரத்துலயே கடை. காரை எடுத்துட்டுப் போயி வாங்கிட்டு வந்து திருட்டுத்தனமா வெடிக்கிறாக. ஓகையோ மாநிலம் இன்னும் கெட்டிக்கார மாநிலம். முந்தி கடையில பட்டாசு வாங்கலாம். ஆனா அங்க வெடிக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள்ள மாநிலத்தை விட்டு வெளிய கொண்டு போயிருவேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கணும்னு வச்சிருந்தாக. போட்டவன் நேரா வீட்டுக்குப் போயி கொல்லையில வெடிச்சான். யாவாரமும் ஆகணும், சட்டமும் இருக்கணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வருசக் கணக்கா ஊரையே பொய்க் கையெழுத்துப் போட வச்சுட்டு, 2022 ஜூலையில இருந்துதான் விசேச நாள்ல வெடிச்சுக்கோங்கன்னு விட்டாக. வெள்ளைக்காரன் ஊரானாலும் எல்லைக்கல்லு எல்லைக்கல்லுதான்.

ஊருக்கு ஊரு சட்டம் மாறுறதே தப்புன்னு நான் சொல்லலை, கேட்டுக்க. மாறத்தான் வேணும். டெல்லிக் குளிரும் ராமநாதபுரத்துக் கடக்காத்தும் ஒண்ணா? காளி பூஜையும் கங்கா ஸ்நானமும் ஒண்ணா? மண்ணைப் பாத்து, காத்தைப் பாத்து, சனத்தைப் பாத்து மாத்துனா அது சட்டம். மேப்பைப் பாத்து மாத்துனா? வருசா வருசம் தீபாவளிக்கு மூணு நாளு இருக்கிறப்ப மாத்துனா?

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடின்னு பறவைகள் சரணாலயம் இருக்கு. பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி. கம்மாய் மரத்துல கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டுற சமயந்தான் தீபாவளி. சத்தம் போட்டா குஞ்சு பயந்து விழுந்துருமுன்னு அந்த ஊருக்காரக தலைமுறை தலைமுறையா வெடி போடுறதில்லை. வனத்துறை தீபாவளிக்கு ஊரைத் தேடி வந்து மிட்டாய் குடுத்துட்டுப் போகும். அங்க ஆறு டு ஏழுன்னு ஏட்டையா நிக்க வேண்டியதில்லை. டெசிபல் மீட்டரு வேண்டியதில்லை. நான் போயிப் பாத்தப்ப ஒரு பொடியன்ட்ட, ஏம்ப்பா உனக்கு ஆசையா இல்லையான்னேன். மாமா வீட்டுக்குப் போயி வெடிச்சுட்டு வந்துருவேன்னான். அவனும் எல்லை தாண்டுறவன்தான்!

உடனே நீ நல்லவனா மாறி, சரி தாத்தா, சத்தமே வேண்டாம், வீட்டுல சின்னப் புள்ளை இருக்கு, பாம்பு மாத்திரையும் கம்பி மத்தாப்பும் போதும்பே. நெனைச்சேன். புனேயில செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன்னு மூச்சு நோய் ஆராய்ச்சி பண்றவக இருக்காக. ஒவ்வொண்ணா கொளுத்தி தூசிப்புகையை அளந்து பாத்தாக. எல்லாத்தையும் விட அதிகமாப் புகை விட்டது எது? சத்தமே போடாம தரையில நெளியிற அந்தப் பாம்பு மாத்திரை. அதைத்தான் நாம ரெண்டு வயசுப் புள்ளை மூக்குக்கு நேரா வச்சு, பாரு பாரு பாம்பு வருதுன்னு கொஞ்சுறோம். எந்தக் கோர்ட்டும் அதுக்குன்னு நேரம் குறிச்ச மாதிரித் தெரியலை. சட்டத்துக்குக் காது நல்லாக் கேக்குது, மூக்குத்தான் கொஞ்சம் அடைச்சிருக்கு.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றீகன்னு எரிச்சல் படாத. போற ஊருல அந்த வருசம் என்ன உத்தரவுன்னு அந்த வாரம் விசாரி. போன வருசத்து உத்தரவை நம்பாத. அங்க விக்கலாம்னா அங்கனயே லைசென்ஸ் உள்ள கடையில வாங்கு. விக்கக் கூடாதுன்னா ஒரு கிலோ அதிரசம் வாங்கிட்டுப் போ. அதுக்கு எந்த மாநிலத்துலயும் தடை கிடையாது, வயித்துக்குத்தான் உண்டு.

இன்னொண்ணு. லாரி வேண்டாம் தாத்தா, ரயில்லயே பேக்குக்குள்ள துணிக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிடுறேன்னு உன் ஆத்தாகிட்ட கிசுகிசுத்தியாமே? எனக்குக் காது இன்னும் கேக்குது. ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவு. மூணு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் விழலாம். சிவகாசியில ஏறுனாலும் அதே, நாக்பூர்ல பிடிச்சாலும் அதே, டெல்லியில இறங்குனாலும் அதே. மத்தியானம் ரெண்டு மணின்னாலும் விடியக்காலை நாலு மணின்னாலும் அதே. இம்புட்டு ஊரு தாண்டியும் ஒரு எழுத்து மாறாம உனக்காக நிக்கிற சட்டம் அது ஒண்ணுதான். பேக்கைப் பிரி, துணியை ஒதுக்கு, எடுத்து வெளிய வையி.